எல்சிக்கு நீலம், கிருபாவதிக்குச் செங்கல்

கிருபாவதிக்குத் தன் ஓரகத்தி எல்சியின் மேல் இருந்த பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. எல்சி புதுப்பெண்ணாகக் கட்கி ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்றே அது பற்றிக்கொண்டது. கூட்டமாக வந்து பார்த்த தமிழ்ப் பெண்கள் எல்லாரும், "நல்லா பூசினாப்ல, பாக்க லட்சணமா இருக்காளே" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்டேஷனில் கிருபாவதி வந்து இறங்கியபோது அதே வாய்கள் என்ன சொல்லின தெரியுமா? "ஊர்ல பஞ்சமா?" என்று கேட்டன. இந்த மாதிரிக் கேள்வியைச் செத்தாலும் மறக்கிற ஜாதி இல்லை கிருபாவதி.

இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு புனாவுக்கு வந்தவர்கள். மூத்தவர் ஆபிரகாமுக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அவர்தான் கிருபாவதியின் புருஷன். இளையவர் ஜேசுராஜ் தினமும் காலை லோக்கல் ரயிலைப் பிடித்துத் தளேகாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருவார். பஜாருக்குப் பின்னால் நீளமான ஒரு ஓட்டு வீடு. நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். தடுப்புக்கு அந்தப் பக்கம் எண்ணெய் சட்டியில் என்ன பொரிகிறது என்பது இந்தப் பக்கத்து மூக்குக்கு உடனே தெரிந்துவிடும்.

எல்சி சாப்பிடப் பிறந்தவள். அச்சுமுறுக்கு சுட்டால் பாதி டப்பாவுக்கு, பாதி அவளுக்கு. வெளியே போனால் வடாபாவ் இல்லாமல் திரும்ப மாட்டாள். சாப்பிடச் சாப்பிட உடம்பு பெருத்தது, சிரிப்பும் பெருத்தது, அவளைச் சுற்றி நிற்கிற கூட்டமும் பெருத்தது. கிருபாவதி குருவி மாதிரி கொறிக்கிறவள். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், 'இவளுக்கு ஒரு நாள் சீக்கு வராமலா போகும்?' என்பதுதான். அதை அவள் ஜெபத்தில் கேட்கவில்லை. ஆனால் ஜெபம் முடிந்ததும் நினைத்துக்கொள்வாள்.

சர்க்கரை வியாதி வந்தது. யாருக்கு? கிருபாவதிக்கு!

நாற்பத்தி நாலு வயதில், இருந்த கொஞ்ச சதையும் வற்றி, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போய், கடைசியில் பஜாரில் இருந்த கானிட்கர் டாக்டரம்மாவிடம் போனால், அந்த அம்மா "ஷுகர்" என்றாள். கிருபாவதிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தின்றவள் அங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறாள், தின்னாதவளுக்கு வியாதியா? இது எந்த ஊர் நியாயம்? மாத்திரை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. டாக்டரம்மா இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டாள். கண்ணாடி ஊசியைத் தினமும் காலையில் வெந்நீரில் கொதிக்கவைத்து, தொடையில் தானே குத்திக்கொள்ள வேண்டும்.

அதிலேயும் ஒரு வயிற்றெரிச்சல். இன்சுலின் பாட்டில் கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர்ப்பெட்டி வேண்டும். அந்த வரிசையிலேயே அது ஒரே வீட்டில்தான் இருந்தது. எந்த வீடு என்று சொல்லவும் வேண்டுமா? ஆக, தன் உயிர்மருந்தை எடுக்கக் கிருபாவதி தினம் காலையில் எல்சியின் அடுப்படிக்குள் போய், எல்சியின் ஃபிரிட்ஜைத் திறந்து, எல்சி வைத்திருக்கிற மீன் குழம்புக்கும் கேரட் அல்வாவுக்கும் நடுவில் கையை விட வேண்டியிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் எல்சிக்கும் சர்க்கரை என்று தெரிந்தபோது, கிருபாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும்.

அன்றிலிருந்து காலைச் சடங்கு ஒன்றாக நடந்தது. கிருபாவதியின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், அதற்கென்று ஒதுக்கிய தகர டப்பாவில் வெந்நீர் கொதிக்கும். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, வெந்நீருக்குள் நிறுத்துவார்கள். மூத்திரத்தில் சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, அதிகமானால் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, எக்கச்சக்கமானால் செங்கல் நிறம். எல்சியின் குழாய்க்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு நூல். ஆரம்பத்தில் எல்சியின் குழாய் அப்பட்டமான செங்கல். கிருபாவதியுடையது ஊசியின் புண்ணியத்தில் பச்சை. அந்த மாதங்களில் கிருபாவதி எவ்வளவு நல்லவளாக இருந்தாள்! "கவலப்படாதட்டி, நான் இருக்கேம்லா" என்று எல்சியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மனசார.

டாக்டரம்மா எல்சிக்குச் சொன்னது கிருபாவதியின் காதிலும் விழுந்தது. இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"உடம்பைக் குறை. குறைத்தால் மாத்திரைகூட வேண்டாம்."

எல்சியாவது, குறைப்பதாவது என்று கிருபாவதி வீடு வரை மனசுக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆனால் எல்சி குறைத்தாள். அல்வா போனது, வடாபாவ் போனது, சோறு பாதியானது. விடிந்ததும் ஹோல்கர் பாலம் வரை நடந்துவிட்டு, மூச்சு வாங்க வாங்க வந்து குழாயை நிறுத்தினாள். மழைக்காலம் வருவதற்குள் செங்கல் ஆரஞ்சானது. மழைக்காலத்தில் மஞ்சள், பச்சை. மழை நின்ற ஒரு காலையில், வெந்நீரிலிருந்து எடுத்த நூல் கட்டிய குழாய் ஊற்றின நீலமாகவே இருந்தது. பக்கத்தில் கிருபாவதியின் குழாய், ஊசி போட்டும், அன்றைக்கென்று ஆரஞ்சு.

"அக்கா, பாத்தியளா? நீலம்!" எல்சி குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குதித்தாள். இப்போது அவளால் குதிக்க முடிந்தது.

"பாத்தேன், பாத்தேன். மருந்து பழசாயிருக்கும். நாளைக்கும் பாரு" என்றாள் கிருபாவதி.

நாளைக்கும் நீலம்தான். மறுவாரமும் நீலம். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்ததும் எல்சி எழுந்து போனாள். புதிதாகத் தைத்த சிறிய ரவிக்கை, இடுப்பு என்று தெரிகிற இடுப்பு. "எனக்கிருந்த சர்க்கரைய ஆண்டவர் எடுத்துப் போட்டார்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவளை மொய்த்துக்கொண்டார்கள். ஒல்லியானதற்காகப் பாராட்டினார்கள்! பிறந்ததிலிருந்து ஒல்லியாக இருக்கிறவள் ஓரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா கிருபாவதியிடம் திரும்பி, "நீங்களும் விசுவாசமா ஜெபிங்க, உங்களுக்கும் கிடைக்கும்" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

கிருபாவதி செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள். பெருத்திருந்தபோதும் அவளைத்தான் கொண்டாடினார்கள், இளைத்தபோதும் அவளைத்தான் கொண்டாடுகிறார்கள். வியாதி முதலில் வந்தது எனக்கு, சுகம் மட்டும் முதலில் அவளுக்கா? அவளுக்கு நடக்குமென்றால் எனக்கு ஏன் நடக்காது?

அந்தக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. எல்சி என்ன செய்தாள்? சாப்பாட்டைக் குறைத்தாள், உடம்பைக் குறைத்தாள், ஜெபித்தாள், மருந்தை விட்டாள். அவ்வளவுதானே? கிருபாவதி குறைக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்போம். பொறாமை அதைக் கேட்கவில்லை. ஸ்டேஷன் எடை மெஷினில் ஏறினால் முள் நாற்பத்திரண்டைத் தொடத் தயங்குகிற பெண்மணி, அன்று ராத்திரியே ஒரு சப்பாத்தியைப் பாதியாகப் பிய்த்தாள். மறுநாள் போதகரைப் பார்த்து, "வாற அறுப்பின் பண்டிகைல நானும் ஒரு சாட்சி சொல்லணும் ஐயா" என்று சொல்லிவைத்தாள். அதன் பிறகு ஊசியை நிறுத்தினாள்.

ஊசியை நிறுத்தியது யாருக்கும் தெரியாது. வழக்கம்போலக் காலையில் எல்சியின் ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுப்பாள், தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து சும்மா வைத்திருப்பாள், திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். குழாய் வைப்பதையும் விட்டாள். எல்சி கேட்டதற்கு, "விசுவாசிச்ச பிறவு என்னட்டி டெஸ்ட்டு? சந்தேகப்படுதவதான் சூடு பண்ணிப் பாப்பா" என்றாள். எல்சி தன் குழாயை மட்டும் வெந்நீரில் நிறுத்தினாள்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தாகம் எடுத்தது. குடம் குடமாகக் குடித்தாள். கூடவே, அவள் ஆசைப்பட்டதும் நடந்தது. உடம்பு இறங்கியது. ரவிக்கையில் ஊக்கு குத்தினாள். வளையல் முழங்கை வரை ஏறியது. எல்சிக்கு இறங்கப் பல மாதம் ஆனது, எனக்கு ஒரே வாரம்! கண்ணாடியில் கன்ன எலும்பைப் பார்த்து அவள் ஸ்தோத்திரம் சொன்னாள். வயிறு குமட்டியதை உபவாசத்தின் அசதி என்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன கிருபா, உக்காந்த இடத்துல இப்படி மூச்சு வாங்குத? டாக்டரம்மாட்ட போவமா?" என்று ஆபிரகாம் கேட்டார்.

"ஞாயித்துக்கிழம பண்டிக கழியட்டும். அப்பறம் எந்த டாக்டரும் வேண்டாம்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். அந்தக் குடும்பத்து ஆண்கள் தலையாட்டுவதில் வல்லவர்கள்.

பண்டிகையன்று கோயிலின் முன்பக்கம் முழுக்கக் காணிக்கைகள். கரும்புக் கட்டு, பூசணிக்காய், வாழைத்தார், ஏலம் போடுவதற்கு வந்த கேக்குகள். போதகர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிருபாவதி எழுந்தாள். தரை கொஞ்சம் ஆடினாற்போல் இருந்தது. ஆனாலும் நடந்தாள். அத்தனை கண்களும் அவள்மேல். எத்தனை வருஷமாக அவள் காத்திருந்த கண்கள்! எல்சியும் மூன்றாம் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் முக்கியம்.

"எனக்கிருந்த..." என்று ஆரம்பித்தாள். மூச்சு வரவில்லை. ஓடிவந்தவள் மாதிரி ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். "எனக்கிருந்த வியாதிய..." அதற்கு மேல் வார்த்தைக்குப் பதில் வாந்தி வந்தது. பூசணிக்காய்களுக்கு நடுவில் சரிந்தாள்.

முதலில் ஓடிவந்தது எல்சி. குனிந்து தூக்கியபோது கிருபாவதியின் வாயிலிருந்து கனிந்து அழுகின பழத்தின் வாடை வந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் எல்சி அழுதாள். அங்கே டாக்டர்கள் என்ன வியாதி, என்ன மருந்து என்று கேட்டபோது ஆபிரகாம், "தினமும் இன்சுலின் போடுகிறாள்" என்று இந்தியில் சொன்னார். எல்சி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நஹி சாப்! நஹி லியா! ஒரு வாரத்துக்கு மேல போடல!"

அவளுக்கு எப்படித் தெரியும்? பசியால் தெரியும். அரை வயிற்றோடு இருந்த எல்சி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஃபிரிட்ஜைத் திறப்பாள். எடுத்துத் தின்ன அல்ல, சும்மா பார்க்க. பிள்ளைகளுக்கு வைத்த குழம்பைப் பார்ப்பாள், பால் ஏட்டைப் பார்ப்பாள், மூடுவாள். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் கதவில் நின்ற அந்தச் சின்னப் பாட்டிலும் கண்ணில் பட்டது. அதில் மருந்து ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. கேட்டால் அக்கா கோவித்துக்கொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். அன்று அவள் வாயைத் திறந்ததால் டாக்டர்கள் உடனே நரம்பில் இன்சுலினை ஏற்றினார்கள். கிருபாவதி பிழைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து, உட்கார முடிந்ததும், கானிட்கர் டாக்டரம்மா வார்டுக்கு வந்து அவளைத் திட்டித் தீர்த்தாள். கிருபாவதி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், பிறகு தன் ஓட்டை இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கும் அவளுக்கும் ஒரே வியாதிதானே? அவள் இளைத்தால் குணம், நான் இளைத்தால் சாவா?"

"பேர்தான் ஒன்று" என்றாள் டாக்டரம்மா. அவள் இந்தியும் மராட்டியுமாகச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இன்சுலினை உடம்பே செய்துகொள்கிறது. வயிற்றுக்குப் பின்னால் அதற்கு ஒரு சுரப்பி இருக்கிறது. எல்சி வீட்டில் டாங்கி நிறையத் தண்ணீர், குழாயில்தான் அடைப்பு. கொழுப்புதான் அந்த அடைப்பு. கொழுப்பு ஏற ஏற, இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்பதில்லை. சுரப்பி இன்னும் இன்னும் என்று ஊற்றிப் பார்த்தது, போதவில்லை. கொழுப்பு கரைந்தது, அடைப்பு விட்டது, இருக்கிற தண்ணீரே போதும் என்று ஆகிவிட்டது. உன் வீட்டில் அடைப்பு எதுவும் இல்லை, டாங்கிதான் காலி. உனக்குக் குறைக்க ஒன்றும் கிடையாது. வெளியிலிருந்து ஊற்றினால்தான் உண்டு. அதையும் நிறுத்தினாய். நீ இளைத்தது குணமாகி இல்லை. சாப்பாட்டை உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாமல் உன்னையே தின்றிருக்கிறது."

கிருபாவதி எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். செத்துப் பிழைத்தவள் என்ன நினைக்க வேண்டும்? நன்றி நினைக்க வேண்டும். கிருபாவதி நினைத்தது இது: இன்சுலினும் அவளுக்குத்தான் நிறையவா! வயிற்றுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட, டாங்கி நிறைய அவளுக்கு, எனக்கு ஒன்றுமில்லையா! அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். துக்கத்தில் பாதிக்கு மேல் பொறாமைதான். அதை ஒளித்துப் பிரயோஜனமில்லை.

போகும்போது டாக்டரம்மா நர்ஸிடம் கண்டிப்பாகச் சொன்னாள். காலையும் மாலையும் ஊசி, வேளாவேளைக்கு வயிறார சாப்பாடு, முட்டை, பருப்பு, சப்பாத்தி, இவளுக்கு உடம்பு தேற வேண்டும்.

மத்தியானம் எல்சி டப்பா கொண்டுவந்தாள். அடுக்கைப் பிரித்துவைத்தாள். நெய் தொட்ட சப்பாத்தி, முட்டைக் குழம்பு, பாசிப்பருப்புக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர். எல்லாம் அவளே சமைத்தது. கிருபாவதி ஒரு வாய் வைத்தாள், இரண்டாவது வாய் வைத்தாள். நிமிர்ந்தால், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எல்சி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வாய்க்குப் போனால் அவள் கண்ணும் வாய்க்குப் போனது.

"என்னட்டி இப்படிப் பாக்கே?"

"ஒண்ணுமில்லக்கா. சாப்பிடுங்க."

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். ரெண்டு இட்லி." எல்சி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மளமளவென்று கண்ணீர் வந்துவிட்டது. "எனக்குப் பசிக்குதுக்கா. எப்பவும் பசிக்குது. கோயில்ல நான் பொய்யில்லா சொன்னேன்? ஆண்டவர் எடுத்துட்டாருன்னேன். ஒண்ணும் எடுக்கல. போன சத திரும்பி வந்தா சர்க்கரையும் திரும்பி வந்துரும்னு டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாவ. சாவுத வரைக்கும் இப்படியே அர வயித்தோட கெடக்கணும். எல்லாரும் எல்சி எல்சின்னு சுத்தி வாரப்ப, இந்தச் சனியன் புடிச்ச இடுப்பு யாருக்கு வேணும், ஒரு தட்டு பிரியாணி போதும்னு இருக்கு."

கிருபாவதி பிய்த்த சப்பாத்தியைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

"நீங்க சின்னதா ஒரு ஊசியப் போட்டுட்டு நெய்ச் சப்பாத்தி திங்கிய. திங்கணும்னு டாக்டரம்மாவே சொல்லுதாவ. உங்களுக்கு அந்த உடம்பு எப்பவும் அப்படியே நிக்கும். கல்யாணமாகி வந்த அன்னிக்கு ஸ்டேஷன்ல உங்கள நல்ல சேலையில பாத்தேன். கொடி மாதிரி நின்னிய. அன்னிலருந்து இன்னி வரைக்கும்..." எல்சி முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "வெக்கமாத்தான் இருக்கு சொல்ல. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா."

வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். கிருபாவதி அந்த வார்த்தையை இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பொறாமை. அவளுக்கு. என்மேல்.

இரக்கமும் வந்தது, வராமல் இல்லை. அழுகிறவள் தன் உயிரைக் காப்பாற்றியவள். ஒரு துண்டு பிய்த்துக் கொடுக்கலாம் என்று கைகூடப் போனது. கொடுத்தால் அது அவளுக்கு விஷம். கையை இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எல்சிக்குக் கெடுதல் வரக்கூடாதென்று அவள் நிஜமாகவே நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

"அழாதட்டி. நீ பாக்காண்டாம், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்றாள்.

டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எல்சிக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பசித்தவள் பார்த்து ஏங்கக் கூடாது என்பது ஒரு காரணம். தன் முகத்தில் பொங்கிக்கொண்டு வந்த சந்தோஷத்தை எல்சி பார்த்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். வாய் நிறையச் சப்பாத்தி இருந்தது.